காட்டிலிருந்து எடைமேடை வரை: பருத்திப் பாரம் ஏற்றிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

பருத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் விதை, உரம், காய்ப்புழு என்று விரிவாக எழுதிவிட்டு, பருத்தி எடுத்து முடித்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் காட்டிலிருந்து விற்பனைக்கூடம் வரை உள்ள தூரத்தை வண்டிக்காரர் பாடு என்று விட்டுவிடுவது வழக்கம். என் கணக்கில் அதுவும் வெள்ளாமையில் ஒரு பகுதிதான். ஆறு மாதம் பாடுபட்டு நயம் பருத்தி எடுத்தவர், ஒரே நாள் பயணத்தில் அதைக் கொட்டு என்னும் மட்டமான பருத்தியின் விலைக்குக் கொண்டுவந்துவிட முடியும். சாக்கில் வந்த பிளாஸ்டிக் நார், வண்டித் தளத்தில் இருந்த டீசல் கறை, தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிய ஈரம் என்று இத்தனை வழிகள் இருக்கின்றன.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசலில் வளர்ந்தவன் நான். இங்கே சொல்வது மானாவாரிக் கரிசலை மனதில் வைத்துத்தான். ஆனால் நெல் அறுத்த தரிசில் பருத்தி போடும் டெல்டாக்காரர்களுக்கும், சேலம், தருமபுரிப் பக்கத்து இறவைப் பருத்திக்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில், எடுக்கும்போதே

வண்டி ஏற்றும் வேலை செடியடியிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் பத்து, பதினோரு மணிக்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும், எங்கள் ஊர்ப் பெண்கள் விடிந்ததும் காட்டில் இறங்கியதும் ஒரே காரணத்துக்காகத்தான். அந்த நேரத்தில் சருகிலும் காயின் புற இதழிலும் லேசாக ஈரப்பதம் இருப்பதால் அவை நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. உச்சிவெயிலில் எடுத்தால் சுளையோடு சருகுத்தூளும் சேர்ந்து மடிக்கு வந்துவிடும். அப்படி ஒட்டிய தூளைப் பின்னால் யாரும் பொறுக்கி எடுக்க முடியாது.

நன்றாக வெடித்த காயில் மட்டும் எடுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறையாவது எடுப்பது நல்லது. வெடித்த பஞ்சு செடியில் தொங்கிக்கொண்டே இருந்தால் தூசியும் பனியும் ஏறும், மழை விழுந்தால் மங்கிவிடும். எடுக்கும்போதே இரண்டு மடி வைத்துக்கொள்வது பழைய பழக்கம். நல்லது ஒன்றில், புழு தின்றதும் கறை பட்டதும் அரைகுறையாக வெடித்ததும் இன்னொன்றில். இப்போது பலர் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வீட்டில் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டில் யாரும் பிரிப்பதில்லை, நானும் பார்த்துவிட்டேன்.

ஆள் பஞ்சம் ஒரு காரணம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கூலியே பருத்தியாகத்தான் கொடுத்தார்கள். எடுத்ததைக் களத்தில் கூறு வைத்து ஒரு கூறு எடுத்தவருக்குப் போகும். அதனால் எடுக்கிற கைக்கும் சுத்தமான பருத்தியில் அக்கறை இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் ஒரு கை பருத்தியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு முறுக்கோ கருப்பட்டி மிட்டாயோ வாங்கித் தின்போம். கடைக்காரர் எங்கள் பருத்தியையும் உதறிப் பார்த்துத்தான் பண்டம் தருவார். தரம் பார்ப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

காய்ச்சல் பார்ப்பது

எடுத்த பருத்தியை அன்றைக்கே மூட்டை கட்டி வண்டியில் ஏற்றாதீர்கள். காலை ஈரத்தில் எடுத்தது என்பதால் நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். நேர் வெயிலில் வேண்டாம், பஞ்சின் நிறமும் வலுவும் கெடும். தரையில் மெல்லியதாகக் காய்ந்த மணல் பரப்பி அதன் மேல் பருத்தியைக் கொட்டுவது ஒரு முறை. சுத்தமான பருத்தித் துணி விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. அம்பாரமாகக் குவித்து வைத்தால் நடுவில் சூடேறிப் பஞ்சு மஞ்சளடிக்கும், கொட்டையும் கெடும்.

எவ்வளவு காய வேண்டும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. இந்தியப் பருத்திக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் வாங்கும்போது 8 சதவீத ஈரப்பதத்துக்குத்தான் முழு விலை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் பிடித்தம் உண்டு, 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய், நடுத்தர இழைக்கு 7,710. ஒரு சதவீதத்துக்கு ஒரு சதவீதம் என்று பிடித்தால்கூட 12 சதவீத ஈரத்தோடு கொண்டுபோனவருக்கு நீண்ட இழையில் குவிண்டாலுக்கு 300 ரூபாய்க்கு மேல் போகிறது. ஈரத்தைச் சுமந்து போக வண்டி வாடகையும் கொடுத்து, அந்த ஈரத்துக்காக விலையும் இழப்பது என்ன கணக்கு?

கையில் மீட்டர் இல்லாவிட்டால் பழைய சோதனை போதும். சாக்கின் நடுவிலிருந்து ஒரு சுளையை எடுத்து அதில் உள்ள கொட்டையைக் கடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று நொறுங்கினால் காய்ச்சல் சரி. மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மேலாகக் கிடக்கும் சுளையை வைத்து முடிவு செய்யக் கூடாது, மேலே எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.

எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத்தான் பார்ப்பார். அவர் கைக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஒரு மூட்டையில் ஈரம் தட்டினால் அந்த லாட் முழுவதற்கும் விலை இறங்கும்.

சாக்கு

பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். வீட்டில் கிடக்கும் யூரியா சாக்கில் பருத்தியை அடைப்பார்கள். அந்தச் சாக்கு பாலிபுரொப்பிலீன். வாய்ப்பக்கம் பிரிந்து வரும் நார், பார்வைக்குப் பஞ்சு போலவே வெள்ளையாக இருக்கும். கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கும் ஜின்னிங் பாக்டரியில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் அது துண்டு துண்டாகி நூலில் கலந்து, துணியாகும் வரை போய்விடும். சாயம் போடும்போதுதான் தெரியும். பருத்தி சாயம் பிடிக்கும், அந்த நார் பிடிக்காது, துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு நிற்கும். மில்காரர்கள் பஞ்சில் கலப்படம் என்று புலம்புவதில் பெரும் பங்கு இதுதான். தலைமுடி, கோழி இறகு, வெற்றிலைப் பாக்கு உறை, பீடித் துண்டு எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

பருத்தித் துணியில் தைத்த பெரிய சாக்கு இருந்தால் அதுதான் முதல் தரம். இல்லையென்றால் சுத்தமான சணல் சாக்கு, அதுவும் நூல் பிரியாததாக. வாயைப் பருத்தி நூலால் தையுங்கள், பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். எடுக்கும் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டால் முடி விழுவது பெருமளவு குறையும். கரிசலில் வெயிலுக்காக எப்படியும் கட்டத்தான் செய்வார்கள்.

ரகத்தைக் கலக்காதீர்கள். டி.சி.எச். என்கிற கலப்பின ரகம் தனி, பி.டி. என்கிற மரபணு மாற்றுப் பருத்தி தனி, கொட்டு தனி. ஒவ்வொரு சாக்கிலும் துணித் துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள். கலந்த லாட்டுக்குக் கிடைப்பது அதில் உள்ள மட்டமான ரகத்தின் விலைதான். இது இன்றைய சிக்கல் இல்லை. நல்ல பேர் எடுத்த பருத்திப் பகுதிகளுக்குள் மட்டமான பருத்தியைக் கொண்டுவந்து கலந்து விற்பதைத் தடுக்க 1923-லேயே பருத்திப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பருத்தியை வண்டியில் ஏற்றுவது என்பதற்கே தனிச் சட்டம் போடும் அளவுக்கு அன்றைக்கு அது பெரிய விவகாரமாக இருந்திருக்கிறது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

நெல்லோ மக்காச்சோளமோ ஏற்றிப் பழகியவர்கள் பருத்தியில் தடுமாறுவார்கள். அங்கே எடை முதலில் நிறையும், இங்கே இடம் முதலில் நிறையும். அழுத்தாத பருத்தி ஒரு கனமீட்டர் இடத்தில் ஏறக்குறைய 100 கிலோதான் இருக்கும். மிதித்து அடைத்தால் கொஞ்சம் கூடும்.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாங்குதிறன் முக்கால் டன் அளவு. தளம் தோராயமாக மூன்று சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் நாலரைக் கனமீட்டர், அதாவது 450 கிலோ, அடைத்துக் கட்டினால் 500-க்கு மேல். முக்கால் டன் வாடகை கொடுத்து அரை டன் கொண்டுபோகிறோம். இந்தக் கணக்கு மனதுக்குப் பிடிக்காமல்தான் ஆட்கள் உயரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

பத்து குவிண்டாலுக்கு மேல் என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஈச்சர் அளவு நடுத்தர லாரி பிடிப்பது மலிவு. அப்படிச் சேரும்போது ஒவ்வொருவர் சாக்கிலும் வேறு வேறு நிறத்தில் அடையாளம் போடுங்கள். விற்பனைக்கூட வாசலில் மூட்டைக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். டிராக்டர் டிரெய்லர் பக்கத்து ஊருக்குச் சரி. நாற்கரச் சாலையில் நெடுந்தூரம் போக அதை நான் விரும்புவதில்லை. காரணத்தைத் தீ பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வண்டி வந்ததும் முதலில் தளத்தைப் பாருங்கள். நேற்று என்ன ஏற்றினான் என்று டிரைவரிடம் கேளுங்கள். சிமெண்ட், மிளகாய் வற்றல், உரம், எண்ணெய் டின் எது என்றாலும் கூட்டிக் கழுவிக் காயவைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். டீசல் கறை இருந்தால் பழைய தார்ப்பாயோ கெட்டித் துணியோ விரித்துவிடுங்கள்.

ஏற்றுவதும் கட்டுவதும்

மாட்டுவண்டிக்காரர்களுக்கு இரண்டு சொற்கள் உயிர்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். பருத்தியைப் பாதி ஏற்றியதும் எங்கள் தாத்தா இறங்கி வந்து நுகத்தடியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசான கனம் கையில் நிற்க வேண்டும், அதுதான் அளவு. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே விதிதான். பின்பாரம் கூடிய டிரெய்லர் டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கும், முன்பாரம் கூடினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் சொன்னபடி திரும்பாது.

கனமான, நெருக்கி அடைத்த மூட்டைகள் கீழே. லேசானவை மேலே. கீழ் வரிசையை நீளவாக்கில் அடுக்கினால் அடுத்த வரிசையைக் குறுக்கே வையுங்கள், செங்கல் கட்டுவது போல ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். லோடுமேன்கள் கொக்கி போட்டு இழுக்க விடாதீர்கள். கிழிந்த ஓட்டை வழியே வழி நெடுகப் பஞ்சு பறக்கும்.

கரிசல் சாலைகளில் அது ஒரு காட்சி. பேட்டைக்குப் போகும் பாதையில் இருபக்கமும் நிற்கிற கருவேல மரங்கள், பாரம் உரசிப் போகும்போது ஆளுக்கொரு பிடி பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக் காலத்தில் முள்ளெல்லாம் பூத்த மாதிரி நிற்கும். வேலை இல்லாத கிழவிகள் தொரட்டிக்கம்போடு அதைச் சேகரிப்பார்கள். திரி திரிக்க, தலையணை அடைக்க என்று ஒரு வருசத்துக்குத் தேறும் என்பார்கள்.

மேலே போடும் தார்ப்பாய் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி மடிய வேண்டும். எதிர்மாறாகப் போட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்கும். கயிற்றை இரண்டு பக்கக் கொக்கிகளிலும் குறுக்காக மாற்றி மாற்றி இழுத்துக் கட்டுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் கட்டாயம் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பருத்தி குலுங்கி அமுங்கும், புறப்படும்போது விறைப்பாக இருந்த கயிறு அதற்குள் தொளதொளத்துவிடும். விற்பனைக்கூடத்தில் இரவு காத்திருக்க நேர்ந்தால், மழை இல்லாத பட்சத்தில், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் காற்றோட்டம் விடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சட்ட விவரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பருத்திக்காரருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000 உண்டு. எடை குறைவாகத்தானே இருக்கிறது என்று அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை.

தீ

பருத்திப் பாரத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வைக்கோல் பற்றினால் பொசுக்கென்று எரிந்து தெரிந்துவிடும். பருத்தி அப்படி இல்லை. ஒரு பீடிக் கங்கு மூட்டைக்குள் போனால் வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஓடுகிற வண்டியின் காற்று அதை ஊதிவிடும்.

பழைய நாளில் வண்டிகள் ராத்திரியில் வரிசையாகப் போகும், வெயிலுக்குப் பயந்து. அரிக்கேன் விளக்கை அச்சுக்கு அடியில் கட்டித் தொங்கவிடுவார்கள். மேலே பஞ்சு, கீழே நெருப்பு. அதனால் விளக்கின் கண்ணாடியில் கீறல் இருந்தாலும் அந்த வண்டியை வரிசையில் சேர்க்க மாட்டார்கள். பீடி குடிக்க வேண்டுமென்றால் வண்டியை விட்டு இறங்கிப் பின்னால் நடந்து வர வேண்டும்.

இப்போது விளக்கு இல்லை, ஆனால் வேறு வழிகள் வந்துவிட்டன. டிராக்டரின் புகைக்குழாய் நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து வரும் பொறி நேராகப் பின்னால் உள்ள பாரத்தின் மேல் விழும். டிரெய்லரை எனக்குப் பிடிக்காததன் காரணம் இதுதான். அதில்தான் போயாக வேண்டும் என்றால் பொறி தடுப்பான் மாட்டுங்கள், பாரத்தின் முன்முகத்தைத் தார்ப்பாயால் முழுக்க மூடுங்கள். லாரியில் பின்விளக்கு ஒயர் உரிந்திருக்கிறதா, கயிற்று நுனியோ தார்ப்பாயோ சைலன்ஸர் பக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். ஏற்றும் ஆட்களின் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். குனியும்போது மூட்டைக்குள் விழுந்த தீப்பெட்டி ஜின்னிங் எந்திரத்தின் உருளையில் போய் உரசிய கதைகளை எந்த பாக்டரியில் கேட்டாலும் சொல்வார்கள்.

வழியில் கருகல் வாடை வந்தால் ஊருக்குள்ளோ பெட்ரோல் பங்க் பக்கமோ நிறுத்தாதீர்கள். வெட்டவெளியில் ஓரம்கட்டி, டிராக்டர் என்றால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்னால் போய்விடுங்கள். 112-க்கு அழையுங்கள். தார்ப்பாயை அவசரப்பட்டு உரிக்க வேண்டாம், காற்றுப் பட்டதும் குப்பென்று எழும்பும். அணைந்த பிறகும் தப்பிய மூட்டைகளை அன்றைக்கே மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. தனித்தனியாகத் தள்ளிவைத்து மறுநாள் வரை பார்த்திருங்கள்.

சாலையில்

காட்டுப் பாதையில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிதான் முதல் கவலை. ஏற்றும் முன்பே வெறும் வண்டியில் ஒருவர் அந்தப் பாதையைப் பார்த்து வர வேண்டும். பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்து, கம்பால் மின்கம்பியைத் தூக்கிவிடுவது இன்றும் நடக்கிறது. அது சாவை வலியக் கூப்பிடுவது. கம்பி தாழ்வாக இருந்தால் பாரத்தைக் குறையுங்கள், அல்லது மின்வாரியத்தில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. கோடையில் வீசும் மேல்காற்று, உயரமாக ஏற்றிய லேசான பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பாலத்தின் மேலும், பெரிய பஸ் நம்மைக் கடக்கும்போதும் தள்ளல் நன்றாகவே தெரியும். வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. டெல்டாவில் தரிசுப் பருத்தி ஜூன், ஜூலை வரை வந்துகொண்டிருக்கும். அங்கே திடீர் மழைக்கு ஓட்டையில்லாத இரட்டைத் தார்ப்பாய் அவசியம்.

விற்பனைக்கூடத்தில்

ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா அடங்கல் நகல்களை ஒரு பையில் வையுங்கள். பருத்திக் கழகத்துக்கு ஆதரவு விலையில் விற்பதானால் 2025-ல் வந்த ‘கபாஸ் கிசான்’ செயலியில் முன்கூட்டியே பதிவு வேண்டும், வண்டியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்யக் கிளம்பாதீர்கள். பருத்திக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் விவசாயி விற்கும்போது அதைக் கட்ட வேண்டியது வாங்குகிற பதிவு பெற்ற வியாபாரி. உங்களிடம் பிடிக்கப் பார்த்தால் கேளுங்கள்.

மூன்று நாலு தலைமுறைக்கு முன் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய காலம் இருந்தது. அதற்கு மாற்றாகத்தான் 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1936-ல் திருப்பூரில் தொடங்கிய முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பருத்திக்கானது. இன்றைக்கு மறைமுக ஏலம். வியாபாரிகள் சாம்பிள் பார்த்துவிட்டுச் சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள். ஏலம் எந்தக் கிழமை என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஏல நாளுக்கு முந்தின மாலை போய்ச் சேர்வது நல்லது. காலையில் வரிசையில் நிற்கிற பருத்தியை வியாபாரி அவசரத்தில்தான் பார்ப்பார்.

எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா, சாக்கு எடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், சாம்பிளுக்கு எடுத்த பருத்தி எங்கே போகிறது என்று மூன்றையும் பாருங்கள். வீட்டிலேயே எடை போட்டு எழுதி வந்திருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். காய்ந்த பருத்தி வழியில் பெரிதாக எடை குறையாது. எழுதிய விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விற்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது கிட்டங்கியில் இருப்பு வைக்க முடியுமா, அங்கே தரை காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பணப்பட்டுவாடா ரசீதை வாங்கியதும் காலிச் சாக்குகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். துணிச் சாக்கென்றால் ஒன்றிரண்டு குறைவது வழக்கம். ஊருக்கு வந்ததும் அவற்றை உதறி, வெயிலில் போட்டு, எலி அண்டாத இடத்தில் கொடியில் தொங்கவிடுங்கள். அடுத்த எடுப்புக்கு ஒரு வாரம்தான் இருக்கும்.